மறுபடியும் பரோல் விசாரணை: நான் போகத்தான் வேண்டுமா?

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

என் தம்பி கொலை செய்யப்பட்டான். இந்த வரியை முதலில் எழுதிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நினைத்து இப்படித் தொடங்குகிறேன்.

அப்போது அவனுக்கு 24 வயது. இரவு ஷிப்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். திருட வந்த ஒருவன் கத்தியால் குத்திவிட்டு ஓடிவிட்டான். மருத்துவமனைக்குப் போய் உடலை அடையாளம் காட்டியது நான்தான். அப்பாவால் உள்ளே வர முடியவில்லை, வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஆள் பிடிபட்டான், வழக்கு நடந்தது, ஆயுள் தண்டனை கிடைத்தது. நாங்கள் வாழும் நாட்டில் ஆயுள் தண்டனை கொடுக்கும்போதே, குறைந்தது இத்தனை ஆண்டு உள்ளே இருக்க வேண்டும், அதற்கப்புறம் பரோல், அதாவது கண்காணிப்போடு கூடிய விடுதலை, கேட்கலாம் என்று நீதிபதி சொல்லிவிடுவார். அன்று எங்கள் மண்டையில் அதெல்லாம் ஏறவில்லை. ஆயுள் என்றார்கள், வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி அவனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று நினைத்தோம்.

அப்புறம் எனக்குக் கல்யாணமானது, பையன் பிறந்தான். அப்பா இறந்தார். அம்மா எங்களோடு இருக்கிறார். எல்லாம் ஒரு மாதிரி அடங்கியிருந்த நேரத்தில் பரோல் வாரியத்திடமிருந்து கடிதம் வந்தது. விசாரணை நடக்கப் போகிறது, நீங்கள் விரும்பினால் உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பை எழுதி அனுப்பலாம், நேரில் வாசிக்கவும் செய்யலாம் என்று. நான் உட்கார்ந்து பல பக்கம் எழுதினேன். அதைப் பார்த்த அதிகாரி சில இடங்களை எடுக்கச் சொன்னார். அவனைப் பார்த்து நேரடியாக எழுதியிருந்த வரிகள், தண்டனை போதாது என்று எழுதியிருந்த வரிகள். சட்டப்படி அப்படி எழுதக் கூடாதாம். என் தம்பியைப் பற்றி நான் என்ன சொல்லலாம் என்பதைக்கூட இவர்கள்தான் முடிவு செய்வார்களா என்று கோபம் வந்தது. இருந்தாலும் போனேன். வாசித்தேன். அவன் அதே அறையில் இருந்தான். தலை நரைத்து, உடம்பு தடித்து, யாரோ ஒருவன் மாதிரி இருந்தான். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டான். பரோல் மறுக்கப்பட்டது.

எல்லோரும் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான்: "இப்போ மனசு லேசாச்சா?" ஆகவில்லை. அதற்கப்புறம் பல வாரம் ஒழுங்காகத் தூக்கம் இல்லை. தம்பியின் முகம் சிரிக்கிற முகமாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தது போய், மருத்துவமனையில் பார்த்த முகம் மட்டுமே வந்தது. அது திரும்பச் சரியாக ரொம்ப நாளானது.

இப்போது மறுபடியும் கடிதம் வந்திருக்கிறது.

அம்மா, "நீ போய்ப் பேசலைன்னா அவனை விட்டுடுவாங்க. உன் தம்பிக்கு உன்னை விட்டா யார் இருக்கா?" என்கிறார். என் கணவர், "போன தடவை நீ பட்டது போதும், விட்டுரு" என்கிறார். இரண்டு பேரும் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள் என்பது தெரிகிறது. பையனுக்குப் பதினாறு வயது. மாமாவைப் பார்த்ததே இல்லை. "அம்மா, உனக்குப் பதிலா நான் போய்ப் படிக்கட்டுமா?" என்று கேட்கிறான். அதைக் கேட்டு உள்ளே போய் அழுதேன். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் போன் செய்து, "பரோல்னா பத்து நாள் லீவுதானே, போயிட்டு வந்துட்டுப் போறான்" என்கிறார்கள். அவர்களுக்கு விளக்கவும் தெம்பில்லை.

இன்னொன்று இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. கடிதம் வந்த அன்று, 'விட்டுவிடட்டுமே' என்று ஒரு நொடி தோன்றியது. அவனை வெளியே விட்டுவிட்டால் இந்தக் கடிதம் இனி வராதே என்று. அந்த நினைப்பு வந்ததிலிருந்து தம்பியின் போட்டோவை நேராகப் பார்க்க முடியவில்லை.

நான் போக வேண்டுமா? போகாமல் இருந்து அவன் வெளியே வந்துவிட்டால் அதை எப்படித் தாங்குவேன்? அப்புறம், போன தடவை நாங்கள் கேட்டது கிடைத்தும் எனக்கு ஏன் நிம்மதி வரவில்லை?

இப்படிக்கு,
ஒரு அக்கா

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். 'விட்டுவிடட்டுமே' என்ற அந்த நினைப்பு.

அது மன்னிப்பும் இல்லை, துரோகமும் இல்லை. களைப்பு. பரோல் விசாரணைகளுக்குத் திரும்பத் திரும்பப் போகும் குடும்பங்களில் பலர் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் பலருக்கு வருகிறது. நீங்கள் விரும்பியது அந்த ஆளின் விடுதலையை அல்ல. தபால் பெட்டியைத் திறக்கும்போது கை நடுங்காமல் இருப்பதை. அதற்கு உங்கள் மனசுக்குத் தெரிந்த ஒரே வழி அந்த நேரத்தில் அதுவாக இருந்தது. தம்பியின் மேல் இருக்கும் பாசத்தை அந்த ஒரு நொடியை வைத்து அளக்காதீர்கள். மருத்துவமனையில் அப்பாவால் வர முடியாத அறைக்குள் போனவர் நீங்கள்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. நிம்மதி ஏன் வரவில்லை? இதற்குப் பதில் சொல்ல, அந்த அறையில் நடப்பது என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் பரோல் விசாரணையை வழக்கின் தொடர்ச்சி என்று நினைத்துத்தான் போகின்றன. யாரும் அவர்களுக்குச் சரியாகச் சொல்வதும் இல்லை.

வழக்கு, நடந்து முடிந்த குற்றத்தை எடைபோடுகிறது. பரோல் வாரியம் இனி நடக்கப் போவதை எடைபோடுகிறது. இந்த ஆள் வெளியே வந்தால் மற்றவர்களுக்கு ஆபத்தா, கண்காணிப்பில் வைத்துச் சமாளிக்க முடியுமா என்பதுதான் அதன் கேள்வி. இங்கிலாந்து, வேல்ஸில் சட்டத்தில் இருக்கும் அளவுகோலே, பொதுமக்களின் பாதுகாப்புக்காக இவரை இன்னும் அடைத்து வைப்பது அவசியமா என்பது மட்டும்தான். உங்கள் தம்பியின் உயிருக்கு என்ன விலை என்ற கேள்வி அந்த மேசையில் இல்லை. நீங்களோ அந்தக் கேள்வியோடு போனீர்கள். அதனால்தான் பரோல் மறுக்கப்பட்டும் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்த மாதிரி இல்லை. அவர்கள் மறுத்தது அந்த ஆளின் தற்போதைய நிலையைப் பார்த்து. உங்கள் தம்பிக்காக அல்ல. கேட்கக் கொஞ்சம் கொடூரமாக இருக்கிறது, தெரியும். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் தெரியாமல் போகிறவர்களை விடக் குறைவாக நொறுங்குகிறார்கள் என்பது என் அனுபவம்.

வரிகளை எடுக்கச் சொன்னதும் இதனால்தான். இங்கிலாந்தில் விடுதலை செய்யலாமா கூடாதா என்ற கருத்தைப் பாதிப்பு அறிக்கையில் எழுதக் கூடாது. வேறு பல இடங்களிலும் அறிக்கை வாரியத்தைப் பார்த்துப் பேச வேண்டுமே தவிர கைதியைப் பார்த்துப் பேசக் கூடாது. விதியில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் துக்கத்தில் இருப்பவர் பல பக்கம் எழுதி முடித்த பிறகு சிவப்புப் பேனாவோடு வந்து சொல்வது தவறு. எழுத உட்காரும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கோபம் முழுக்க நியாயமானது.

அப்படியானால் அந்த அறிக்கைக்கு என்ன பயன்? ஒன்று, உங்கள் பாதுகாப்பு. அந்த ஆள் வெளியே வந்தால் உங்களைத் தொடர்புகொள்ளக் கூடாது, நீங்கள் இருக்கும் பகுதிக்குள் வரக் கூடாது என்ற மாதிரி நிபந்தனைகளை நீங்கள் கேட்கலாம். இது வாரியம் நேரடியாகக் காதில் வாங்குகிற விஷயம், பலர் கேட்க மறந்துவிடுகிற விஷயமும் இதுதான். இன்னொன்று, கேட்கப்படுவது. 1985-ல் ஐ.நா. பொதுச்சபை குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நீதி பற்றி ஒரு பிரகடனம் நிறைவேற்றியது. பாதிக்கப்பட்டவரின் கருத்தும் கவலையும் உரிய கட்டங்களில் சொல்லப்படவும் கவனிக்கப்படவும் வேண்டும் என்பது அதில் உண்டு. கனடாவில் பாதிக்கப்பட்டவர்கள் 2001-லிருந்து பரோல் விசாரணையில் தாங்களே அறிக்கை வாசிக்கலாம். மக்கள் ஒரு முடிவை ஏற்றுக்கொள்வதில், அந்த முடிவு தங்களுக்குச் சாதகமா என்பதைத் தவிர, தங்களை மரியாதையோடு நடத்தினார்களா, பேச விட்டார்களா என்பதற்கும் பெரிய பங்கு உண்டு என்று டாம் டைலர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டின. உங்களைப் போன்றவர்களிடம் நான் பார்ப்பதும் அதுதான். வாரிய உறுப்பினர் நிமிர்ந்து பார்த்தாரா, தம்பியின் பெயரைச் சரியாக உச்சரித்தாரா, வாசித்து முடித்ததும் நன்றி சொன்னாரா என்பதெல்லாம் பல வருடம் நினைவில் நிற்கிறது.

ஆனால் கேட்கப்படுவது வேறு, ஆறுவது வேறு. வாசித்தால் பாரம் இறங்கிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அது நல்லெண்ணத்தில் சொன்ன தவறான வாக்குறுதி. சிலருக்கு இறங்குகிறது. சிலருக்கு ஆறிவந்த காயம் மறுபடி திறந்துகொள்கிறது. நீங்கள் இரண்டாவது வகை என்பது போன தடவையே தெரிந்துவிட்டது. மருத்துவமனை முகம் திரும்ப வந்தது, தூக்கம் போனது, இதெல்லாம் உங்கள் பலவீனம் இல்லை. அதிர்ச்சி நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. கொலை செய்தவனை அதே அறையில் பார்த்ததும், 'இது பழைய கதை' என்று மூளை எடுத்துக்கொள்ளாது. இப்போது நடக்கிறது என்றே உடம்பு நம்பிவிடும்.

சரி, போக வேண்டுமா?

போவது, போகாமல் இருப்பது என்று இரண்டே வழிதான் இருப்பதாக உங்கள் வீட்டில் பேசிக்கொள்கிறீர்கள். நடுவில் நிறைய இருக்கிறது. எழுதி மட்டும் அனுப்பலாம். பல இடங்களில் முன்கூட்டியே ஒலி, ஒளிப்பதிவு செய்து கொடுக்கலாம், வீடியோ இணைப்பில் வாசிக்கலாம், உங்களுக்காக வேறொருவர் வாசிக்கலாம். கைதி அறையில் இல்லாத நேரத்தில் வாசிக்கவும் சில நாடுகளில் வழி உண்டு. நியூசிலாந்தில் பாதிக்கப்பட்டவர்கள் வாரியத்தைத் தனியாகச் சந்தித்துப் பேசுகிறார்கள், கைதி அங்கே இருப்பதில்லை. இங்கிலாந்திலும் வாசிக்கும்போது கைதி பெரும்பாலும் உடன் இருப்பதில்லை. நீங்கள் இருக்கும் நாட்டில் எது எது முடியும் என்பதை உங்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நாட்டின் பெயரை நீங்கள் கேட்டபடி இங்கே வெளியிடவில்லை.

என் கருத்தைக் கேட்டால், இந்த முறை நேரில் போக வேண்டாம். எழுதி அனுப்புங்கள், அல்லது பதிவு செய்து கொடுங்கள். போன தடவை கொடுத்த அறிக்கையையே சில திருத்தங்களோடு கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் துக்கத்தைப் புதிதாக எழுதிக் காட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

"போகாமல் இருந்து அவன் வெளியே வந்துவிட்டால்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குரலுக்கு எவ்வளவு கனம் என்பதை உண்மையாகவே சொல்கிறேன், சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. இதை அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள், முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அலபாமா மாநிலத்தில் நடந்த ஆய்வில் பாதிக்கப்பட்டவர்கள் பங்கெடுத்த விசாரணைகளில் பரோல் மறுக்கப்படுவது கூடுதலாக இருந்தது. நியூ ஜெர்சியில் நடந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. குற்றத்தின் தன்மை, சிறையில் நடந்துகொண்ட விதம், மனநல அறிக்கைகள், வெளியே வந்தால் தங்க இடமும் கண்காணிப்பும் இருக்கிறதா என்று பெரிய கோப்பே அவர்கள் முன்னால் இருக்கும். அதில் உங்கள் அறிக்கையும் ஒன்று. எழுதி அனுப்பினாலும் அது அந்தக் கோப்பில் இருக்கும். ஆகவே அவன் வெளியே வந்தால் நீங்கள் விட்டதாக ஆகாது. உள்ளே இருந்தால் நீங்கள் அடைத்து வைத்ததாகவும் ஆகாது. அந்தச் சாவி உங்கள் கையில் கொடுக்கப்படவே இல்லை.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டம். அவர் "உன் தம்பிக்கு யார் இருக்கா" என்று கேட்பதைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். மகனுக்குச் சமைத்துப் போட முடியாது, கல்யாணம் செய்து வைக்க முடியாது. அவனுக்காக இன்றும் செய்ய முடிகிற ஒரே காரியம், அந்த ஆளை உள்ளேயே வைத்திருப்பது. அதையும் விட்டுவிட்டால் தான் அவனுக்குத் தாயாக எதுவும் செய்யவில்லை என்று ஆகிவிடுமோ என்ற பயம் அவருக்கு. அதனால் வாதாடாதீர்கள். "அம்மா, உங்க பேச்சை நீங்களே சொல்லுங்க" என்று சொல்லுங்கள். அவரும் பாதிக்கப்பட்டவர், அவருக்கும் தனியாக அறிக்கை கொடுக்கும் உரிமை இருக்கிறது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல நீங்களோ கணவரோ எழுதிக்கொள்ளலாம், மொழிபெயர்ப்புக்கு என்ன ஏற்பாடு என்று அதிகாரியிடம் கேளுங்கள். இத்தனை வருடமும் அம்மாவின் கோபத்தை நீங்கள்தான் உங்கள் வாயால் பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மா தன் கோபத்தைத் தானே சொன்னால், உங்கள் அறிக்கையில் உங்கள் துக்கத்துக்கு இடம் கிடைக்கும்.

பையன் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். வேண்டாம். அவன் கேட்டது பாசத்தால், பாராட்டிவிடுங்கள். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு மாமாவின் முதல் அறிமுகம் சாவு பற்றிய அறிக்கையாக இருக்கக் கூடாது. மாமா என்ன குறும்பு செய்தார், எந்தப் பாடத்தில் கோட்டைவிட்டார், யாரை எப்படிக் கிண்டல் செய்வார் என்று சொல்லுங்கள். சொல்லும்போது நீங்கள் தேடிக்கொண்டிருக்கிற சிரிக்கிற முகம் உங்களுக்கே திரும்ப வரலாம்.

அந்த மன்னிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தரையைப் பார்த்துக் கேட்ட மன்னிப்பு உண்மையா நடிப்பா என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பரோல் விசாரணையில் கேட்கப்படும் மன்னிப்பில் அந்தச் சந்தேகம் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். கேட்பவருக்கு அங்கே ஆதாயம் இருக்கிறதே! நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. மன்னித்தால்தான் ஆறும் என்று சொல்பவர்களிடம் வாதாடவும் வேண்டாம். மன்னிக்காமலே நன்றாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். என்றாவது அந்த ஆளிடம் நேராகக் கேட்க உங்களுக்குக் கேள்விகள் எழுந்தால், இரு தரப்பும் சம்மதித்தால் மட்டும் பயிற்சி பெற்ற நடுவர் முன்னிலையில் சந்திக்கும் சீர்படுத்தும் நீதித் திட்டங்கள் கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் உண்டு. இப்போது அல்ல. எப்போதுமே வேண்டாம் என்றாலும் சரி.

அடுத்த சில வாரங்களுக்கு. வாரியத்திலிருந்து வரும் கடிதங்களை இனி கணவர் பிரிக்கட்டும். அவர் படித்துவிட்டு, உங்களுக்குத் தெரிய வேண்டியதைப் பகலில் சொல்லட்டும், இரவில் வேண்டாம். விசாரணைத் தேதிகள் கடைசி நேரத்தில் தள்ளிப்போவது சாதாரணமாக நடக்கிறது, ஆகவே அந்த ஒரு நாளை நோக்கி உடம்பையும் மனதையும் முறுக்கிக்கொண்டே போகாதீர்கள்.

அதிகாரி எடுக்கச் சொன்ன வரிகள் இருக்கின்றனவே, அவற்றை வீட்டில் எழுதுங்கள். எதையும் வெட்டாமல், அந்த ஆளைத் திட்ட வேண்டுமானால் திட்டி. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களில் தொடங்கிய ஆய்வுகளில், மனதை அழுத்தும் அனுபவத்தைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதச் சொன்னார். எழுதியவுடன் மனம் இன்னும் கனத்தது, ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் அவ்வளவு பெரிதாக இல்லை, எல்லோருக்கும் ஒத்தும் வரவில்லை. எழுத எழுத மருத்துவமனைக் காட்சி அதிகமானால் உடனே நிறுத்திவிடுங்கள். எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டாம். வாரியத்துக்குப் போகும் அறிக்கையோடு அது கலந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அறிக்கை பல நாடுகளில் கைதியின் பார்வைக்கும் போகும். அதில் வீட்டு முகவரி, வேலை பார்க்கும் இடம், பையனின் பள்ளி எதுவும் இருக்கக் கூடாது.

மருத்துவமனைக் காட்சி மறுபடி வந்து பல வாரம் போகாமல் இருந்தால், தூக்கம், வேலை, வீடு எல்லாம் தடுமாறினால், அதிர்ச்சிக்கான சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒருவரைப் பாருங்கள். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். சிகிச்சை ஆகிய இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்திருக்கிறது. இத்தனை வருடம் கழித்துப் போய் என்ன சொல்வது என்று தயங்காதீர்கள். நீடித்த துக்கம் என்பதே இப்போது தனி நோய்நிலையாக உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறது. காலம் கடந்தும் ஆறாத துக்கம் அவர்களுக்குப் புதிதில்லை. விசாரணைக்கு முன்பே ஒரு முறை பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. இங்கிலாந்தில் ஆயுள் கைதிகளின் வழக்கு பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது திரும்பப் பார்க்கப்படுகிறது. கைதியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயம், மனிதர்கள் மாறுகிறார்கள். குடும்பத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு முறை தேறி எழுவதற்குள் அடுத்த கடிதம் வந்துவிடுகிறது. கலிபோர்னியாவில் 2008-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த மார்ஸி சட்டம், மறுக்கப்பட்டால் அடுத்த விசாரணையை மூன்று முதல் 15 ஆண்டு வரை தள்ளிவைக்க வழி செய்தது. 15 ஆண்டு என்பது ஒரு மனிதன் மாறியதையே பார்க்க மறுப்பது என்று விமர்சிப்பவர்கள் அங்கே உண்டு. எனக்கும் அது அதிகம் என்றே படுகிறது. ஆனால் விசாரணைகளை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வைப்பது என்று தீர்மானிக்கும்போது கைதி, வாரியம் ஆகிய இருவரின் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது.

ஊர்ச் சொந்தங்களுக்கு ஒரு வரி போதும். இந்தியாவில் பரோல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் சில நாள், சில வார விடுப்பு. இங்கே சொல்லும் பரோல், கண்காணிப்போடு கூடிய விடுதலை. அதற்கு அங்கே ஓரளவு நெருக்கமானது முன்விடுதலை. அதிலும் பாதிக்கப்பட்டவரின் குரலுக்கு இடம் உண்டு என்பதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: குஜராத் வழக்கு ஒன்றில் விடுவிக்கப்பட்ட 11 பேரின் முன்விடுதலையை, பாதிக்கப்பட்ட பெண்ணே தொடுத்த மனுவின் பேரில் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரி 8 அன்று ரத்து செய்தது. அதற்கு மேல் விளக்கம் கேட்டால் கணவரிடம் போனைக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, அந்த ஆள் வெளியே வந்துவிட்டால் என்ற நாளை வெறும் பயமாக வைத்திருக்காமல் இப்போதே பேசிவிடுங்கள். இங்கிலாந்திலும் கனடாவிலும் ஆயுள் கைதி பரோலில் வந்தாலும் தண்டனை முடிந்துவிடுவதில்லை. வாழ்நாள் முழுக்க நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டுத்தான் இருக்க வேண்டும், அவற்றை மீறினால் திரும்ப உள்ளே போக வேண்டியிருக்கும். உங்கள் அதிகாரியிடம் இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள்: முடிவு எனக்கு எப்படி, எத்தனை நாளில் தெரிவிக்கப்படும்? விடுதலை என்றால் தேதி முன்கூட்டியே சொல்வீர்களா? எந்தப் பகுதிக்குள் வரக் கூடாது என்று நான் கேட்கலாம்? அந்த ஆளை எங்காவது பார்த்தால் யாரை அழைக்க வேண்டும்? பதில் வந்ததும் கணவரோடும் அம்மாவோடும் உட்கார்ந்து படியுங்கள். நேரில் போகப் போவதில்லை என்பதையும் அன்றே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். விசாரணைக்கு முந்தின நாள் வரை தள்ளிப்போட்டால் அவருக்குத் தன் அறிக்கையைத் தயார் செய்ய நேரம் இருக்காது.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்